தோட்டத்துக்குப் பாட்டு வந்த வழி

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் வாசிகசாலையில், பாட்டு வரலாற்றின் மறக்கமுடியாத தருணங்களைப் பத்தாண்டு பத்தாண்டாகச் சொல்லி ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி நடத்த நினைக்கிறீர்கள். ஒரு பெட்டி இசைத்தட்டும் முப்பது நாற்பது கெசட்டும் கையில் இருக்கின்றன. எந்தத் தருணங்களைத் தெரிவது, இவற்றைக் கெடுக்காமல் எப்படிப் போட்டுக் காட்டுவது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்று. “பத்தாண்டின் சிறந்த பாட்டு எது” என்று போகாதீர்கள். அது பட்டிமன்றமாகி, எம்.ஜி.ஆர். கட்சியும் சிவாஜி கட்சியும் எழுந்து நிற்கும்போது மண்டபத்தைப் பூட்டும் நேரம் வந்துவிடும். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) மனிதருக்கு ஒரு பாட்டு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தப்பு மேளம், இசைத்தட்டு, ரேடியோ, கெசட், எஃப்.எம்., போன். கருவி மாறிய ஒவ்வொரு முறையும் பாட்டே மாறியது. தருணங்களை அந்த மாற்றங்களில் தேடினால் எட்டு நிறுத்தங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம்: மூன்று நிமிடம் பேச்சு, ஒரு பாட்டு, மிச்சம் கேட்டிருப்பவர்கள் பேசுவதற்கு. மிஞ்சும் பத்து நிமிடத்தைக் கரண்ட் போவதற்கும் வயர் தேடுவதற்கும் ஒதுக்கிவையுங்கள், கட்டாயம் தேவைப்படும்.

தொடக்கம் தப்பு மேளமாக இருக்கட்டும். விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஆள் கூப்பிட்டதும் அது, சாவு வீட்டில் அழுததும் அது, காமன் கூத்தை நடத்தியதும் அது. மலையகத்தின் முதல் ஒலிபரப்பு என்றால் தப்புத்தான். பனிமூட்டத்தில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். அடித்தால் ‘தொப்பு தொப்பு’ என்றுதான் கேட்கும். காய்ந்த வைக்கோல் அல்லது பழைய பேப்பர் நெருப்பில் நான்கைந்து நிமிடம் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்ட வேண்டும். மண்டபத்துக்குள் வந்த பிறகு அது பத்துப் பதினைந்து நிமிடம்தான் நிற்கும். ஆகவே கடைசி நேரத்தில் காய்ச்சுங்கள், நிகழ்ச்சியின் நடுவில் வைக்காதீர்கள். அடிப்பவரைச் ‘சும்மா வந்து அடிச்சிட்டுப் போங்க’ என்று கூப்பிடாமல், மேடையில் நாற்காலி போட்டு, பெயர் சொல்லி, கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். அந்த வாத்தியத்தோடு ஒட்டிவந்த அவமதிப்பு எல்லோருக்கும் தெரிந்ததே.

அடுத்து அச்சடித்த பாட்டு. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடியவர். இலங்கை வாழ் இந்தியர்களின் நிலைமை பற்றி அவர் எழுதிய பாட்டுப் புத்தகம் 1940-இல் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அரசியலைக் கொண்டுபோக அன்றைக்குப் பாட்டை விட்டால் வேறு வழியில்லை. இந்த நிறுத்தத்துக்கு ஒலிப்பதிவு தேடி அலையாமல், குரல் உள்ள ஒரு பிள்ளையைக் கொண்டு நான்கு வரி பாடவையுங்கள்.

1940-களின் இசைத்தட்டுக்கு ‘ஹரிதாஸ்’ போதும். 1944 தீபாவளிக்குச் சென்னையில் வெளியாகி, ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். “மன்மத லீலையை வென்றார் உண்டோ” பாடிய தியாகராஜ பாகவதர், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போனார். 1947-இல்தான் வெளியே வந்தார். திரையில் பாட்டுக்காரர் பாடிக்கொண்டிருக்க, நிஜத்தில் அவர் கம்பிக்குப் பின்னால். இதைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டால் சபை தானாக அமைதியாகும்.

உங்கள் பெட்டியில் இருப்பவை அரக்கால் செய்த 78 சுற்றுத் தட்டுகளா என்று பாருங்கள். கையில் கனமாக இருக்கும், விழுந்தால் ஓடு மாதிரி உடையும். இவற்றை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு அல்கஹோலில் கரையும். ஒரு துடைப்பில் பள்ளம் மங்கிப் பாட்டே போய்விடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, மென்துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நடுவில் உள்ள லேபல் நனையாமல் பார்த்து, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். மலைநாட்டு ஈரத்தில் பூத்த வெள்ளைப் பூஞ்சணம் பெரும்பாலும் இதிலேயே போகும்.

முள்ளும் வேறு. நெடுந்தட்டின் (எல்.பி.) முள் நுனி ஏறத்தாழ 18 மைக்ரோமீற்றர். 78-க்கு வேண்டியது 76. சின்ன முள்ளைப் போட்டால் அகலமான பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உழுது கரகரவென்று இரையும். சாவி கொடுக்கும் பழைய கிராமபோன் கிடைத்தால் இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என மாற்றுங்கள். தேய்ந்த ஊசி தட்டைச் சீவிவிடும். அதே கிராமபோனில் வினைல் தட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். ஊசியின் பாரத்தில் அது ஒரே ஓட்டத்தில் பாழாகும்.

பிளேயரில் 45-உம் 33-உம் மட்டும் இருந்தால் 78 தட்டை 45-இல் ஓடவிட்டுக் கணினியில் பதிந்து, ஒடாசிட்டி மென்பொருளில் வேகத்தை 1.733 மடங்காக்குங்கள். 78-ஐ 45-ஆல் வகுத்தால் வரும் கணக்கு அது. முள் மட்டும் 78-க்குரியதாக இருக்க வேண்டும். பாட்டு மெதுவாக, குரல் தாழ்ந்து கேட்டால் தட்டைக் குறை சொல்லும் முன் பிளேயரின் பின்பக்கத்தைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த பழைய மோட்டார் நமது 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். ஜப்பானின் மேற்குப் பாதியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த செட்டுகளில் இது சகஜம்.

வருடம் குறிப்பதில் ஒரு பொறி உண்டு. 78 என்றதும் ‘தாத்தா காலம்’ என்று எழுதிவிடாதீர்கள். இந்தியாவில் 78 தட்டு 1960-களிலும் அச்சாகிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகளே கல்கத்தா டம்டம் ஆலையில் 78-ஆக வந்தன. உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் அவற்றைத் தேடுகிறார்கள். ஆகவே வருடத்தைத் தட்டின் வேகத்திலிருந்து எடுக்காமல், லேபலில் உள்ள படப் பெயரிலிருந்து எடுங்கள்.

இனி ரேடியோ. நிகழ்ச்சியின் மையம் இதுதான். பத்து நிமிடத்துக்குப் பதில் இருபது கொடுத்தாலும் தகும். கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பர் 16. ஆனால் இலங்கை வானொலியை ஆசியாவெங்கும் கேட்கவைத்தது உலகப்போர். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944-இல் டெல்லியிலிருந்து கண்டிக்கு வந்து, பேராதனைப் பூந்தோட்டத்தில் கூடாரம் போட்டது. அந்தப் படையினருக்காக ஏக்கலையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்தது. துப்பாக்கிக்காரர்களுக்குப் பாட்டுப் போட வந்த இயந்திரம் நமக்குப் பாட்டுப் போட்டது.

1950-இல் வர்த்தக சேவை தொடங்கிற்று. 1952-இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார். திருச்சியிலும் மதுரையிலும் இருந்தவர்கள் சினிமாப் பாட்டுக் கேட்க இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். ஹிந்திக்காரர்களுக்கு அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ இதே கொழும்பிலிருந்துதான் போனது. டெல்லி ‘விவித் பாரதி’யைத் திறந்தது 1957 அக்டோபரில், அதற்குள் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டு டீக்கடைகளில் உட்கார்ந்துவிட்டது. பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. ‘பொங்கும் பூம்புனல்’, ‘பாட்டுக்குப் பாட்டு’ என்று பெயர் சொன்னாலே போதும், சபையில் அறுபது தாண்டியவர்கள் மிச்சத்தைச் சொல்வார்கள். பேச்சை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று: கொழும்பு சிற்றலை சென்னையில் கணீரென்று கேட்க, பக்கத்தில் இருந்த நாம் ஏன் மத்திய அலையில் கேட்டோம்? சிற்றலை மேலே போய், வானத்தின் அயனிப் படலத்தில் பட்டுத் திரும்பி, தொலைவில்தான் இறங்கும். இடையில் உள்ளவர்களின் தலைக்கு மேலால் தாண்டிப் போய்விடும். மத்திய அலை தரையோடு ஊர்ந்து வரும். பந்தை உயர எறிவதற்கும் தரையில் உருட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று சொன்னால் ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்கும் புரியும்.

லயங்களில் கரண்ட் இல்லாத காலம் அது. ஆகவே தோட்டத்துக்கு உண்மையான தருணம் டிரான்சிஸ்டர் ரேடியோதான்: டோர்ச் பற்றரியில் ஓடும், கையில் எடுத்துப் போகலாம். அந்த ஒலியைச் சபைக்குக் காட்ட ஒரு வழி இருக்கிறது. இன்றைய சுத்தமான பதிவை எடுத்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4,500-க்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். முதலில் வெட்டியதைப் போட்டு, பாதியில் முழுப் பதிவுக்கு மாற்றுங்கள். எதையெல்லாம் கேட்காமலே அந்தப் பாட்டை நேசித்தார்கள் என்று இளசுகளுக்குத் தெரியவரும்.

இங்கே போடவேண்டிய பாட்டு எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1964 அக்டோபர் 30, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்: குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். போகிறாயா இருக்கிறாயா என்று யாரும் கேட்காமல் தலைகளை எண்ணினார்கள். அடுத்த பொங்கலுக்கு, 1965 ஜனவரியில், சென்னையில் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வெளியாகிறது. வாலி எழுதி, விசுவநாதன் – ராமமூர்த்தி இசையில், டி.எம்.எஸ். குரலில் “நான் ஆணையிட்டால்”. திரையில் சவுக்கை எடுத்தவர் நாவலப்பிட்டியில் பிறந்தவர். எந்த ஆணையும் தன் கையில் இல்லாத சனம் இந்தப் பாட்டை ஏன் கொண்டாடியது என்பதை விளக்கவே தேவையில்லை. தேதிகளைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

1970-களுக்கு இரண்டு வேண்டும். ஒன்று இலங்கையின் பொப் இசை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’. அன்றைய அரசு இறக்குமதியை இறுக்கிப்பிடித்த காலம். உள்ளூர்க்காரர்களுக்கு இடம் கிடைத்தது. பைலாத் தாளத்தை விளக்கப் பேசாதீர்கள், கைதட்ட வையுங்கள்: ஆறு எண்ணி, ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம். இரண்டு நிமிடத்தில் மண்டபமே பிடித்துக்கொள்ளும். ‘சுராங்கனி’ 1977-இல் இளையராஜா கைப்பட்டு ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள் போனது. பாட்டு எப்போதும் அங்கிருந்து இங்கேதான் வரும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். சிங்கள அயலவர்களும் வருவார்கள் என்றால் கிளரன்ஸ் விஜேவர்தனவைச் சேருங்கள். மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு சிங்களப் பாட்டுக்குள் மின் கிட்டாரைக் கொண்டுவந்தவர், பிறந்தது நம் அப்புத்தளையில்.

மற்றது ‘அன்னக்கிளி’, 1976 மே. ‘மச்சானைப் பார்த்தீங்களா’ ஜானகி குரலில். நாற்று நடுகிறவர்களின் மெட்டு வயலினோடும் கிட்டாரோடும் வந்தபோது, இதுவரை தன் பாட்டு பாட்டே இல்லை என்று நினைத்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

1977-இல் பொருளாதாரம் திறந்ததும் கெசட் செட்டுகள் வந்து குவிந்தன. அதுவரை ரேடியோக்காரர் போட்டதைக் கேட்டோம். இனி நாம் நினைத்ததைக் கேட்கலாம். கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கெசட்டுகள் உங்களிடம் இருந்தால், அட்டையில் பேனாவால் எழுதிய அந்தப் பட்டியல்தான் பொக்கிஷம். அதைப் படம் எடுத்துத் திரையில் காட்டுங்கள்.

கெசட்டை அப்படியே செட்டில் போட்டு அழுத்தினால் பத்தில் மூன்று சிக்கும். காரணங்கள் தெரிந்தவைதான். நாடாவின் நடுவே உள்ள சின்னப் பஞ்சுத் தலையணை கழன்று விழுந்திருக்கும். ஒலி மங்கி ஒருபக்கம் வராது. ஐந்து திருகாணி உள்ள கூடு என்றால் கழற்றி, வேறு வெறும் கெசட்டின் தலையணையை மாற்றுங்கள். பல ஆண்டு அசையாமல் இருந்த நாடாச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பென்சிலைக் கொடுத்துக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றித் தளர்த்தி, பிறகு ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பவும் ஓட்டிவிட்டே போடுங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். அதை நல்ல செட்டில் போட்டால் அடுத்த கெசட்டுக்கும் தொற்றும். சி-120 வகையை மேடையில் ஓட்டவே வேண்டாம். அதிக நேரம் அடைக்க நாடாவை மிக மெல்லியதாக்கியிருக்கிறார்கள், உருளையில் சுற்றிக்கொள்ளும். சி-60 தான் உறுதி.

ஒவ்வொரு நான்கைந்து கெசட்டுக்கும் ஒருமுறை செட்டின் தலையையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். (தட்டுக்கு ஆகாதது இங்கே ஆகும்.) பழுப்பு நிறம் பஞ்சில் வருவது நின்றால் சுத்தம். அப்படியும் மந்தமாகக் கேட்டால், பதிந்த செட்டின் தலைச் சாய்வும் உங்கள் செட்டின் சாய்வும் பொருந்தவில்லை. தலைக்குப் பக்கத்தில் சுருளோடு உள்ள சின்னத் திருகாணியை, பாட்டு ஓடும்போதே கால் சுற்றுக்கும் குறைவாக இருபக்கமும் திருப்பிப் பாருங்கள். ‘ஸ்’, ‘ச்’ கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பாட்டு ஏறி இறங்கி அழுதால் உள்ளே உள்ள பெல்ட் இளகிவிட்டது, மாற்றினால்தான் சரி. எப்படியும் நிகழ்ச்சி அன்றைக்கு அசலை ஓட்டாதீர்கள். முதல் வாரமே கணினியில் சுருக்காத வேவ் கோப்பாக, உச்சம் −6 டெசிபெல்லைத் தாண்டாமல் பதிந்து, அதையே போடுங்கள். கெசட்டை மேசையில் காட்சிக்கு வையுங்கள்.

1982-இல் பிதுருதலாகலை உச்சியிலிருந்து ரூபவாஹினித் தொலைக்காட்சி வந்தது. பாட்டு இனிக் கண்ணுக்கும் உரியதாயிற்று. உலகத் தருணம் ஒன்று வேண்டுமென்றால் இங்கே வையுங்கள்: 1983 மார்ச்சில் பதிவாகி மே 16-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் போன நிகழ்ச்சியில் மைக்கல் ஜாக்சன் பின்னோக்கி நழுவிய அந்தச் சில விநாடி. ஒரு பையனைச் சப்பாத்தோடு மேடையேற்றினால் பேச்சே வேண்டாம். சீமெந்துத் தரை என்றால் காலுறை போதும்.

1992 ‘ரோஜா’. மின்மினி பாடிய “சின்னச் சின்ன ஆசை”. முதல் படத்துக்கே ரஹ்மானுக்கு தேசிய விருது. இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் வரும். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் இதைப் போட்டால் பாதிப் பாட்டுக் காணாமற்போகும். குழாய் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாடாது. டி.எம்.எஸ். குரல் அந்தக் குழாயில் மலை தாண்டிக் கேட்டதன் காரணமும் அதுவே: குரல் இருக்கும் பகுதியைத்தான் அது நன்றாக எறியும். ரஹ்மானின் அடித்தள ஒலிக்குப் பெட்டி ஸ்பீக்கர் வேண்டும், குறைந்தது பத்து அங்குலம். இரண்டும் இருந்தால் ஒரே பாட்டை இரண்டிலும் போட்டுக் காட்டுங்கள்.

எஃப்.எம்.மும் ‘கொலைவெறி’யும் (2011 நவம்பர்) சேர்ந்து ஐந்து நிமிடம் போதும். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவதால் மலை மறைத்தால் கேட்காது, ஒரு வளைவில் வந்து மறு வளைவில் போகும் என்பது பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

நாள் குறிக்கும்போது ஜனவரி முதல் மார்ச் வரை பாருங்கள். தென்மேற்குப் பருவத்தில் தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த ஸ்பீக்கரும் தோற்கும். பேஸ்புக்கில் நேரலை போட்டால் சினிமாப் பாட்டு வந்த இடமெல்லாம் ஒலி அடைபடும். பேச்சை மட்டும் போடுங்கள்.

கடைசி நிறுத்தம் ‘என்ஜாய் எஞ்சாமி’, 2021 மார்ச். தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசை. அறிவு இதில் கொண்டுவந்தது தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை. அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, திரும்பிப் போனவர். பலகையில் நீங்கள் எழுதிய 5,25,000 இன்னும் அழியாமல் இருக்கட்டும். பாட்டு ஓடும்போது அதைச் சுட்டிக்காட்டத் தேவையில்லை.

அதன் பிறகு வேறு பாட்டுப் போடாதீர்கள். மைக்கை நிறுத்திவிட்டு, வந்திருக்கும் அம்மாயிகளையும் அப்பாயிகளையும் பாடச் சொல்லுங்கள். தாலாட்டு, கும்மி, கொழுந்தெடுக்கையில் பாடியது எதுவானாலும் சரி. ஒப்பாரி மட்டும் கேட்காதீர்கள். சாவில்லாத இடத்தில் அதைப் பாடவைப்பது ஆகாது, யாரும் பாடவும் மாட்டார்கள். பதிவதற்குச் சம்மதம் கேட்டு, போனை விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, மேசையில் மடித்த துவாயின் மேல் வையுங்கள். பாட்டுக்கு முன் தேதி, தோட்டம், டிவிஷன், பாடுகிறவர் சொல்ல விரும்பினால் பெயர், யாரிடம் கற்றது என்பதை அவர்கள் குரலிலேயே பதியுங்கள். முதல் தடவை வெட்கத்தில் பாதியில் நிறுத்துவார்கள். அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேத்தண்ணி கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.